டிலே பெடல் வாங்கப் போறீங்களா? முதல்ல லெஸ் பாலைத் தெரிஞ்சுக்கங்க

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கி ஆறு மாசம் ஆகியிருந்தா, இந்நேரம் நீங்க ஒரு டிலே பெடல் தேட ஆரம்பிச்சிருப்பீங்க. டிஸ்டார்ஷன் ஏற்கெனவே கையில இருக்கும். டிலேன்னு வந்ததும் தலை சுத்தும். டேப், அனலாக், டிஜிட்டல், ரிவர்ஸ், லூப்பர், டாப் டெம்போன்னு ஒரு பெடல்ல 11 மோடு இருக்கும். எல்லா மோடும் வேணும்னு தோணும். எதுக்குன்னு யாராவது கேட்டா பதில் வராது.

அந்தப் பதிலைத் தேடி நான் ஸ்பெக் ஷீட் படிச்சுப் படிச்சு, கடைசியில ஒரு மனுஷனோட வாழ்க்கையில போய் நின்னேன். அவர் பேர் லெஸ் பால். கிப்சன் கிட்டார் தலையில இருக்குற கையெழுத்தாத்தான் உங்கள்ல பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். அது ஏதோ மாடல் பேர்னு நினைச்சுட்டு இருந்தவங்களும் நம்ம காலேஜ்ல இருக்காங்க. அவர் நிஜ ஆள். டிலே பெடல்ல நீங்க திருகப்போற மூணு குமிழுக்கும் பின்னாடி அவர் வேலை இருக்கு.

டிலேன்னா என்னன்னு முதல்ல பார்த்துடுவோம். நம்ம தர்மபுரிப் பக்கம் பாறைக் குன்றுக்குப் பஞ்சமில்லை. ஒரு பாறைச் சுவருக்கு 60 மீட்டர் தள்ளி நின்னு கத்தினா, சத்தம் போய்த் திரும்பி வர 120 மீட்டர். ஒலியோட வேகம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். அப்போ உங்க குரல் 350 மில்லிசெகண்ட் கழிச்சு உங்க காதுக்கே வரும். டிலே பெடல் செய்யுறதும் இதே வேலைதான். பாறை இல்லாம செய்யுது, அவ்வளவுதான். பாறை இல்லாம அதை எப்படிச் செய்யுறதுங்கிற கேள்விக்குத்தான் லெஸ் பால் தன்னோட முப்பதுகளைக் கொடுத்தார்.

அவர் பிறந்தது 1915 ஜூன் 9, அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்து வாக்கஷா என்கிற சின்ன ஊர். நிஜப் பேர் லெஸ்டர் வில்லியம் போல்ஸ்ஃபஸ். அப்பாவும் அம்மாவும் அவர் சின்னப் பையனா இருக்கும்போதே பிரிஞ்சுட்டாங்க. அம்மா எவலின்தான் எல்லாம். வீட்ல ஒரு தானியங்கி பியானோ இருந்தது. காகிதச் சுருள்ல ஓட்டை போட்டு அதுல ஏத்திவிட்டா, ஓட்டை இருக்குற இடத்துல சுரம் விழும். பையன் அந்தச் சுருள்லயே தானா புது ஓட்டை போட ஆரம்பிச்சான். தப்பா விழுந்தா காகிதம் ஒட்டி மூடினான். ஏற்கெனவே ஓடிட்டிருக்குற இசைக்கு மேல தன்னோடதைச் சேர்க்கிறது எப்படிங்கிற யோசனை அங்கேயே தொடங்கிடுச்சு. அவர் ஆயுசு முழுக்கச் செஞ்சது இந்த ஒரே காரியம்தான்னு எனக்குத் தோணுது.

அப்புறம் மவுத் ஆர்கன், பிறகு கிட்டார். ரெண்டையும் ஒரே நேரத்துல வாசிக்கணும்னு கழுத்துல மாட்டுற ஒரு கம்பிச் சட்டத்தை அவரே செஞ்சார். டீன் ஏஜ்லயே ஊர்ல ஒரு டிரைவ்-இன் உணவகத்துல வாசிச்சுக் காசு சம்பாதிச்சார். கார்ல உட்கார்ந்து சாப்பிடுறவங்களுக்குக் குரல் கேட்டது, கிட்டார் கேக்கலைன்னு புகார் வந்தது. நீங்களும் நானும் என்ன செய்வோம்? இன்னும் ஓங்கி வாசிப்போம். அவர் கிராமபோன் ஊசி இருக்குற பகுதியைக் கழட்டிக் கிட்டார் மேல பொருத்தி, ரேடியோ வழியா சத்தத்தை விட்டார். கேட்டது. கூடவே ஊளையும் கேட்டது. ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் கிட்டாரோட மரப்பெட்டியை அதிரவைக்கும், அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு இது என்னன்னு சொல்லத் தேவையில்லை. கிட்டாருக்குள்ள துணியை அடைச்சுப் பார்த்தார். பிறகு ஒரு ரயில் தண்டவாளத் துண்டுல ஒரே ஒரு கம்பியைக் கட்டி, அடியில டெலிபோன் ரிசீவரை வெச்சு மீட்டிப் பார்த்தார். கம்பி நிறுத்தாம நீளமா ஒலிச்சது. குதிரை மேல போற கௌபாய் கையில தண்டவாளம் நல்லா இருக்காதுன்னு அம்மா கேலி செஞ்சதா அவர் பின்னாடி சொல்லிச் சிரிப்பாராம்.

படிப்பைப் பாதியில விட்டுட்டு ரேடியோ இசைக்குழுவுல சேர்ந்தார். செயின்ட் லூயிஸ், சிகாகோ, 1938 வாக்கில் நியூயார்க். இந்த வருஷங்களை வேகமாத் தாண்டிடலாம். ஒண்ணு மட்டும் சொல்லணும். சிகாகோவுல அவருக்கு ரெண்டு பேர். ரூபார்ப் ரெட் என்கிற பேர்ல நாட்டுப்புறப் பாட்டு, லெஸ் பால் என்கிற பேர்ல ஜாஸ். வயித்துக்கு ஒண்ணு, மனசுக்கு ஒண்ணு. கோர் கம்பெனி கனவோட ஐடி பிளேஸ்மென்ட்ல உட்கார்றவங்களுக்கு இது புரியும்.

1941 வாக்கில் நியூயார்க்ல எபிஃபோன் கிட்டார் தொழிற்சாலையில ஞாயித்துக்கிழமை ஆள் இல்லாத நேரத்துல வேலை செய்ய அவருக்கு அனுமதி கிடைச்சது. நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டை ஒண்ணை எடுத்து, கழுத்து, கம்பி, பிக்கப் எல்லாம் பொருத்தினார். பேரே கட்டைதான். அதைத் தூக்கிட்டுப் போய் ஒரு மதுக்கடையில வாசிச்சா யாரும் கண்டுக்கலை. கட்டைக்கு ரெண்டு பக்கமும் சாதாரண கிட்டாரோட பாதிப் பாதி உடம்பை ஒட்டி மறுபடி போய் வாசிச்சார். கைதட்டல். சத்தம் அதேதான், ஆனா ஜனங்க கண்ணால கேக்குறாங்கன்னு அவருக்குப் புரிஞ்சது. பெடலோட பளபளப்பைப் பார்த்து மயங்குற நம்ம ஆளுங்க இந்த இடத்தை ரெண்டு தடவை படிக்கலாம். கிப்சன் கம்பெனியிடம் கொண்டுபோய்க் காட்டினார். பிக்கப் வெச்ச விளக்குமாறுன்னு கிண்டல் பண்ணி அனுப்பிட்டாங்க.

அதே காலத்துல வீட்ல பரிசோதனை செஞ்சிட்டிருந்தப்போ பலமா ஷாக் அடிச்சுப் பிழைச்சது மறுபிறவி. தேற ரொம்ப நாளாச்சு. அப்புறம் ஹாலிவுட் போனார். ராணுவ ரேடியோவுல வேலை செஞ்சார். அந்தக் காலத்துப் பெரிய பாடகர் பிங் கிராஸ்பிக்கு வாசிச்சார். 1945ல் அவங்க சேர்ந்து செஞ்ச பாட்டு முதலிடத்துக்குப் போச்சு. பேர், பணம், வேலை எல்லாம் இருந்தது.

அப்போ அம்மா ஒரு நாள் ரேடியோவுல மகன் வாசிச்சதைக் கேட்டதா சொன்னாங்க. அது அவர் இல்லை, வேற யாரோ. பெத்த தாய்க்கே வித்தியாசம் தெரியலைன்னா உலகத்துக்கு எப்படித் தெரியும்? கச்சேரி சுத்துறதை விட்டுட்டு, ஹாலிவுட் வீட்டு கராஜ்ல போய் உட்கார்ந்துட்டார். தனக்குன்னு ஒரு சத்தம் கிடைச்சாத்தான் வெளியே வர்றதுன்னு முடிவு.

டிலே பிறந்த இடம் அந்த கராஜ். (ஒலி எதிரொலிக்கிறதை முதல்ல கண்டுபிடிச்சவர் அவர்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பெரிய ஸ்டூடியோக்கள் எதிரொலிக்குன்னே தனி அறை வெச்சிருந்தாங்க. ஆனா அறை தர்றது கலங்கின முழக்கம். தெளிவா, எண்ணக்கூடிய மாதிரித் திரும்பி வர்ற சத்தம்தான் இவருக்கு வேணும்.) அப்போ ரெக்கார்டிங் எல்லாம் தட்டுலதான். சுழல்ற தட்டுல ஒரு ஊசி பள்ளம் வெட்டும். தட்டு வெட்டுற இயந்திரத்தையே அவர் ஒரு கேடிலாக் காரோட ஃப்ளைவீலை வெச்சுக் கட்டியிருந்தார். வெட்டுற ஊசிக்குக் கொஞ்சம் பின்னாடி, படிக்கிற ஊசி ஒண்ணை வெச்சா? இப்போ வெட்டின சத்தம் கொஞ்ச நேரம் கழிச்சு அந்த ஊசிக்குக் கீழ வரும். அதை எடுத்து மறுபடி வெட்டுற ஊசிக்கே அனுப்பினா, சத்தம் திரும்பத் திரும்ப வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற தட்டு ஒரு சுத்துக்கு 769 மில்லிசெகண்ட் எடுத்துக்கும். படிக்கிற ஊசி கால் சுத்து தள்ளி இருந்தா 192 மில்லிசெகண்ட் டிலே. ரெண்டு ஊசிக்கும் நடுவுல இருக்குற தூரம், அதுதான் உங்க பெடல்ல டைம் குமிழ். திரும்பிப் போற சத்தத்தோட அளவு, ஃபீட்பேக் குமிழ். நேரா வர்ற சத்தத்தோட அது எவ்வளவு கலக்குதுங்கிறது, மிக்ஸ் குமிழ். 11 மோடு இருந்தாலும் அடியில இந்த மூணுதான். ஒரு பெடலைச் சோதிக்கும்போது முதல்ல இந்த மூணும் கைக்கு லேசா கிடைக்குதான்னு பாருங்க. மெனுவுக்குள்ள புகுந்து புகுந்து டைம் மாத்தணும்னா மேடையில அழுதுடுவீங்க.

அந்த கராஜ்ல செஞ்ச லவ்வர் என்கிற இசைத்தட்டுல கேக்குற அத்தனை கிட்டாரும் அவர் ஒருத்தரே. ஒரு தட்டுல வாசிச்சு, அதை ஓடவிட்டு, கூட வாசிச்சு அடுத்த தட்டுல பதிவார். சில பகுதிகளைப் பாதி வேகத்துல பதிஞ்சு முழு வேகத்துல ஓட்டினதால கிட்டார் எறும்பு மாதிரி பரபரன்னு ஓடும். கேப்பிட்டல் கம்பெனி 1948ல் அதை வெளியிட்டது. உலகம் வாயைப் பிளந்தது. அதைக் கொண்டாட முடியாத நிலையில கட்டுப் போட்ட கையோட கிடந்தார் அவர்.

1948 ஜனவரி. ஓக்லஹோமாவுல பனி உறைஞ்ச சாலை. காரை ஓட்டினது ஐரிஸ் கொலீன் சம்மர்ஸ் என்கிற பாடகி. அவங்களைத்தான் உலகம் பின்னாடி மேரி ஃபோர்டுன்னு தெரிஞ்சுக்கிச்சு. கார் வழுக்கிப் பாலத்துல இருந்து கீழ விழுந்தது. அவரோட வலது முழங்கை நொறுங்கிப்போச்சு. கையை எடுத்துடலாமான்னு டாக்டர்கள் யோசிச்சாங்க. எடுக்கலை. ஆனா மூட்டு இனி மடங்காது, ஏதாவது ஒரு கோணத்துல நிரந்தரமா நிக்கும். எந்தக் கோணம்னு அவரே தேர்ந்தெடுத்தார். கிட்டாரைப் பிடிச்சா விரல் கம்பியில விழுற கோணம். அந்தக் கை அப்புறம் 61 வருஷம் அப்படியேதான் இருந்தது. சாப்பிட, சட்டை மாட்ட, கை குலுக்க வசதியான கோணம் வேற இருந்திருக்கும். அதை அவர் கேக்கலை. பழையபடி வாசிக்க ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆச்சு.

1949ல் பிங் கிராஸ்பி அவருக்கு ஒரு ஆம்பெக்ஸ் டேப் ரெக்கார்டரைக் கொடுத்தார். காந்தப் பூச்சு பூசின நாடா அப்போ புதுசு. தட்டுல செஞ்சதை இதுல இன்னும் சுலபமா செய்யலாம்னு லெஸ் பாலுக்கு உடனே தெரிஞ்சது. நாடா நொடிக்கு 15 அங்குலம் ஓடுது, பதிகிற ஹெட்டும் படிக்கிற ஹெட்டும் 2 அங்குலம் தள்ளி இருக்குன்னு வைங்க. டிலே 133 மில்லிசெகண்ட். வேகத்தைப் பாதியாக்கினா 267. நாடா தேயத் தேய, ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் கூர்மை கொஞ்சம் கொஞ்சமா மழுங்கும். மோட்டார் லேசா தடுமாறினா சுருதி மிதக்கும். இன்னைக்கு பெடல்ல டேப் மோடுன்னு போட்டுக் காசு வாங்குறது அந்தக் குறைகளைத்தான். அனலாக் மோடு வேற வம்சம். 1969ல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்துல பிறந்த பக்கெட் பிரிகேட் சிப், கப்பாசிட்டருக்குக் கப்பாசிட்டர் மின்னூட்டத்தைக் கைமாத்தும். நம்ம ஊர்ல தீ அணைக்க வாளி கைமாத்துற மாதிரியே. அதனால பழைய அனலாக் பெடல்ல டைம் குறைவு. பாஸ் டிஎம்-2 பெடல் 300 மில்லிசெகண்டோட நின்னுடும். டிஜிட்டல் மோடு, வாசிச்சதை அப்படியே பளிச்சுனு திருப்பித் தரும். மூணுல எது ஒசத்தின்னு சண்டை போடாதீங்க. உங்க பேண்ட்ல கீபோர்டும் ரெண்டாவது கிட்டாரும் இருந்தா மங்கலான ரிப்பீட் நல்லது, மத்தவங்களுக்கு வழி விடும். நீங்க தனியாளா வாசிக்கிறவரா இருந்தா பளிச்சுனு இருக்கட்டும்.

திரும்ப அவர்கிட்ட வருவோம். ஆம்பெக்ஸ்ல கூடுதலா ஒரு படிக்கிற ஹெட்டைப் பொருத்தினார், அழிக்கிற ஹெட்டுக்கு முன்னாடி. பழைய சத்தம் படிக்கப்படும், அதோட புதுசா வாசிக்கிறது கலக்கும், ரெண்டும் சேர்ந்து அதே நாடாவுல பதியும். நடுவுல பழசு அழிஞ்சுடும். கவனிங்க, அழிஞ்சுடும். பத்து அடுக்கு சேர்த்துட்டு பதினோராவதுல ஒரு விரல் தப்பினா பத்தும் போச்சு. முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். கன்ட்ரோல் இஸட் கிடையாது. அடுக்கு கூடக் கூட பழைய அடுக்கோட தரம் குறையும்கிறதால, முக்கியம் இல்லாததை முதல்லயும் பிரதான ராகத்தைக் கடைசியிலயும் பதிவார். மேரியும் அதே மாதிரி தன்னோட குரலுக்குத் தானே துணைக்குரல் பாடினாங்க. 1949 டிசம்பர்ல ரெண்டு பேரும் கல்யாணம் செஞ்சுக்கிட்டாங்க. வீடே ஸ்டூடியோ. 1951ல் ஹவ் ஹை த மூன் வந்தது. பில்போர்டு பட்டியல்ல ஒன்பது வாரம் முதலிடம். ரெண்டே பேர், கேட்டா ஒரு கூட்டம். 1953ல் வயா கான் டியோஸ் 11 வாரம்.

இதை மேடையில எப்படிச் செய்யுறது? அதுக்கு அவர் லெஸ் பால்வரைசர்னு ஒரு பெட்டி கிளப்பிவிட்டார். முதல்ல அது ரேடியோ நிகழ்ச்சிக்காகக் கட்டிவிட்ட கதை. ஒரு குரலைப் பல குரலா ஆக்குற மாய இயந்திரம். பிறகு நிஜமாவே கிட்டார்ல மாட்டுற ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டியைச் செஞ்சார். திரைக்குப் பின்னாடி இருக்குற டேப் மெஷினை வாசிச்சுக்கிட்டே ஓடவிடலாம், நிறுத்தலாம். இன்னைக்கு டிலே பெடல்ல இருக்குற லூப்பர் இதோட பேரன். கூட வாசிக்க ஆள் இல்லாம ஹாஸ்டல் ரூம்ல தனியா உட்கார்ந்திருக்கீங்கன்னா, பெடல்ல லூப்பர் இருக்கட்டும். மத்த பத்து மோடை விட அதுதான் தினமும் உதவும். அதுலயும் ஒரு அடுக்கை மட்டும் திரும்ப எடுக்க வசதி இருக்கான்னு கேளுங்க. அவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இதுக்குள்ள லியோ ஃபெண்டர் கட்டை உடம்பு கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்துட்டார். விளக்குமாறுன்னு சிரிச்ச கிப்சன் ஓடிவந்து லெஸ் பாலைத் தேடிச்சு. 1952ல் அவர் பேர்ல கிட்டார் வந்தது. அதோட வடிவமைப்புல பெரும்பங்கு கிப்சன்ல இருந்த டெட் மெக்கார்ட்டி குழுவோடது. ஆனா பேர் நின்னது இவர் பேர். 1957ல் ஆம்பெக்ஸ் இவர் யோசனைப்படி எட்டு டிராக் டேப் மெஷின் செஞ்சு கொடுத்தது. இனிமே ஒரு அடுக்கு தப்பினா அதை மட்டும் திருத்தலாம். அந்த இயந்திரத்துக்கு ஆக்டோபஸ்னு பேர் வெச்சார். விலை 10,000 டாலர். அது கையில வந்த நேரம், ராக் அண்ட் ரோல் வந்து அவர் மாதிரி இசையை ஓரங்கட்டிடுச்சு.

வீட்லயும் நிலைமை சரியில்லை. ஊர் ஊரா ஓடுறது மேரிக்குச் சலிச்சுப்போச்சு. தூங்குற இடம், சமையல்கட்டு எல்லாமே ஒலிப்பதிவுக் கூடமா இருக்குற வீட்ல, ஒரு சுரம் சரியில்லைன்னா திரும்பத் திரும்பப் பாடணும். அவரோட பிடிவாதத்தை மேதைமைன்னு எழுதுற புத்தகங்கள், அதைத் தினமும் பக்கத்துல இருந்து தாங்கினவங்களைப் பத்தி ரெண்டு வரியோட நிறுத்திடுது. 1964ல் விவாகரத்து. மேரி ஃபோர்டு 1977ல் இறந்தாங்க. அவங்க குரலடுக்கு இல்லாம அந்த டேப் வித்தையை யார் அவ்வளவு ரசிச்சிருப்பாங்கன்னு எனக்குச் சந்தேகம்தான்.

அறுபதுகளோட நடுவுல அவர் கிட்டத்தட்ட ஒதுங்கிட்டார். ஆனா 1968ல் கிப்சன் அவர் பேர்ல இருந்த கிட்டாரை மறுபடி செய்ய ஆரம்பிச்சது, ராக் ஆளுங்க பழசைத் தேடித் தேடி வாங்கினதால. 1976ல் செட் அட்கின்ஸோட சேர்ந்து ஒரு ஆல்பம் செஞ்சார், கிராமி கிடைச்சது. 1980ல் இதய அறுவை சிகிச்சை. விரல்கள்ல மூட்டுவாதம் ஏறிடுச்சு. இந்த நேரத்துல எல்லாரும் வீட்ல உட்காருவாங்க. இவர் 1984ல இருந்து நியூயார்க்ல ஃபேட் ட்யூஸ்டேஸ் என்கிற சின்ன கிளப்ல ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாசிக்க ஆரம்பிச்சார். பிறகு இரிடியம் கிளப்ல. மடங்குற சில விரல்களை மட்டும் வெச்சு, பழைய பாட்டுக்கே புது விரலமைப்பு கண்டுபிடிச்சு வாசிச்சார். வேகமா ஓடின கை இப்போ ஒரு சுரத்தை விட்டுட்டு எதிரொலி முடியுற வரைக்கும் காத்திருந்தது. 2005ல் கண்டுபிடிப்பாளர்களுக்கான தேசிய கௌரவப் பட்டியல்ல இடம். 90 வயசுல ரெண்டு கிராமி.

2009 ஆகஸ்ட்ல, 94 வயசுல, நிமோனியாவால இறந்தார். அந்த வருஷம் வரைக்கும் திங்கட்கிழமைகள்ல மேடை ஏறியிருந்தார். உடம்பை வாக்கஷாவுக்கே கொண்டுபோய் அடக்கம் செஞ்சாங்க.

சரி, உங்க பெடல். நம்ம ஊர்ல இருந்து பெங்களூரு மூணு மணி நேர பஸ்தான், அதனால ஆன்லைன்ல ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை கடைக்குப் போயிடுங்க. உங்க கிட்டாரையே தூக்கிட்டுப் போங்க, கடை கிட்டார் ஏமாத்தும். நீங்க வழக்கமா வாசிக்கிற பாட்டோட வேகத்தைக் குறிச்சுக்கங்க. 60,000ஐ அந்த பிபிஎம்மால வகுத்தா ஒரு தாளத்துக்கு எத்தனை மில்லிசெகண்ட்னு வரும். 120க்கு 500. அதுல முக்கால் பங்கு 375, பல பேர் தேடுற அந்தத் துள்ளல் டிலே அதுதான். காலால தட்டி அந்த வேகத்தை வைக்க டாப் டெம்போ இருக்கான்னு பாருங்க. அணைச்சதும் ரிப்பீட் சட்டுன்னு வெட்டுப்படுதா, தானா அடங்குதான்னு கேளுங்க. அடாப்டர்ல 9 வோல்ட், நடு முள் நெகட்டிவ், எத்தனை மில்லிஆம்ப்னு பெட்டியில எழுதியிருக்கும். பெரிய டிஜிட்டல் பெடலுக்கு 300 கூட வேணும், பழைய அடாப்டர் தாங்காது. கடைசியா ஃபீட்பேக் குமிழை மெதுவா முழுசா ஏத்துங்க. சத்தம் தன்னைத்தானே தின்னு வளரும். அதை டைம் குமிழால இழுத்துப் பாருங்க. கடைக்காரர் முறைப்பார். ஒரு அஞ்சு நிமிஷம் முறைக்கட்டும்.